கல்லக்காவும் கருப்புச் சுவரும்

கல்லை முதலில் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கல்லக்கா லென்சைக் கையில் எடுப்பார். ரசித்து ருசிப்பது போல எல்லாம் இல்லை. நாக்கு நுனியால் ஒரு தொடல், அவ்வளவுதான். காய்ந்த கல் சாம்பல் பூசினாற்போல மங்கலாக இருக்கும். ஈரம் பட்ட இடத்தில் மட்டும் அதன் மணிகள் பளிச்சென்று தெரியவரும். தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று மேசை மேலேயே இருக்கத்தான் இருக்கிறது. "அதைத் தேடி எடுக்கிறதுக்குள்ள நாக்கு வேலையை முடிச்சிடுதே, நான் என்ன பண்ண?" என்பார்.

"கழுவிட்டாவது நக்கித் தொலையேன்" என்பார் அவருடைய கணவர். சுரங்கப்பாதையில் ஃபோர்மேனாக இருக்கிற மனிதர், உடம்பெல்லாம் கல் தூசியோடு வீட்டுக்கு வருகிறவர், சுத்தத்தைப் பற்றி இவருக்குப் பாடம் எடுப்பார். திட்டிக்கொண்டே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். கல்லக்கா வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த கல்லை எடுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தத் திட்டும் நின்றதில்லை, டம்ளரும் நின்றதில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். மலையைக் குடைந்து பாதை போடுகிற அந்த வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் கல்லக்காதான். மலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெடி வைத்து முன்னேறுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்னேற முடியுமா? அதனால் முன்கூட்டியே நீளமாக ஒரு துளை போட்டு, உள்ளே இருக்கும் கல்லை உருளை உருளையாக வெளியே எடுத்து மரப்பெட்டிகளில் அடுக்கி அனுப்புவார்கள். வாசலுக்கு வெளியே தகரக் கூரை போட்ட கொட்டகையில் அந்தப் பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு, இன்னும் யாரும் போகாத இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது கல்லக்காவின் வேலை. மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ், கையில் சின்னச் சுத்தியல். இடுப்பு வலிக்காக வாங்கிய நாற்காலியில் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

கல் பைத்தியம் பிறந்த வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. புகுந்த வீட்டுக்கு வந்த அன்று அவருடைய பெட்டியைத் தூக்கிய மாமியார், இரண்டு அடி வைத்துவிட்டுக் கீழே இறக்கி, "ஏம்மா, நகை இவ்வளவு கனமாவா இருக்கு?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாராம். திறந்து பார்த்தால் புடவைக்கு மேல் புடவை, புடவைக்குள் கல். அந்த ஏமாற்றத்திலிருந்து மாமியார் மீண்டுவரக் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போது அவரே, வீட்டுக்கு வருகிறவர்களிடம் குளியலறையில் இருக்கும் நுரைக்கல்லைக் கொண்டுவந்து காட்டி, வாளித் தண்ணீரில் மிதக்க விட்டு, "பாத்தீங்களா, கல்லு மிதக்குது! எரிமலை நுரைச்சு வந்ததாம். எங்க வீட்டுல இதை வச்சுத்தான் காலைத் தேய்க்கிறோம்" என்று மருமகள் பெருமை பேசுகிறார்.

எந்தக் கல்லிடமும் கல்லக்கா இரண்டே கேள்விதான் கேட்பார். "நீ எங்க ஆறுன? உன்கிட்ட என்ன சரக்கு இருக்கு?" நெருப்பாக உருகிக் கிடந்த குழம்பு ஆறிப் பிறந்த கல்லைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் தீப்பாறை என்று படித்தோம். படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். கல்லக்கா மறக்க விடமாட்டார். அலமாரியிலிருந்து கற்கண்டு டப்பாவை எடுத்துவந்துவிடுவார். "சர்க்கரைப் பாகைக் காய்ச்சி அப்படியே பானையில விட்டுட்டீங்கன்னா, நிதானமா ஆறி இந்த மாதிரி கட்டி கட்டியா நிக்கும். அதே பாகைச் சில்லுன்னு இருக்கிற தட்டுல ஊத்துங்க. கண்ணாடி மாதிரி ஆயிடும், ஒரு மணி கூட இருக்காது. பாகு ஒண்ணுதான். ஆறுன இடம்தான் வேற."

பூமிக்கு அடியில், போர்வை போர்த்தினாற்போல மலையளவு கல்லுக்குக் கீழே கிடந்த குழம்பு, யுகக்கணக்கில் ஆறும். அதன் மணிகள் வளர்வதற்கு நேரம் கிடைக்கும். கண்ணுக்கே தெரிகிற பெரிய மணிகள். எரிமலை வழியாக வெளியே கொட்டியது காற்றுப் பட்டதும் ஆறிவிடும். மணி வளர நேரம் ஏது? லென்ஸ் வைத்தாலும் பொடிப்பொடியாகத்தான் தெரியும். முதல் கேள்விக்கு இதுதான் பதில். இரண்டாவது கேள்வி சரக்கைப் பற்றியது. பளிங்கு போன்ற குவார்ட்சும் வெளிறிய ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய இருந்தால் கல் வெளுத்திருக்கும். இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த கனத்த மணிகள் நிறைய இருந்தால் கறுத்திருக்கும். வெளுத்த சரக்கு அடியில் ஆறினால் கிரானைட், வெளியே வந்து ஆறினால் ரயோலைட். கறுத்த சரக்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கல்லக்காவின் குரலில் ஒரு குடும்பக் கதை வந்துவிடும். "கேப்ரோ, டோலரைட், பசால்ட் மூணும் கூடப் பிறந்ததுங்க. மூத்தது அடியிலேயே இருந்து நிதானமா ஆறுச்சு. நடுவுல உள்ளது மேல வர்ற வழியில ஒரு விரிசல்ல மாட்டிக்கிச்சு. கடைசி இருக்கே, அதுக்குப் பொறுமையே கிடையாது, வெளிய ஓடிடுச்சு."

இந்த அறிவை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாரா என்றால், இல்லை. வங்கிக்குப் போனால் வரிசையில் நிற்கும்போதே குனிந்து தரையைத் தடவுவார். காவலாளி பதறிப்போய், "என்னம்மா, தோடு விழுந்துடுச்சா?" என்று கூடவே குனிந்து தேடியதுண்டு. அந்த நேரங்களில் ஃபோர்மேன் யாரோ எவரோ போல நாலு அடி தள்ளிப் போய் நின்று சுவரில் இருக்கும் அறிவிப்பைப் படிப்பார். ஒருமுறை தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் புது வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறை மேடையைத் தட்டி, "அசல் கருப்பு கிரானைட்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கல்லக்கா முட்டி போட்டு லென்சை வைத்துவிட்டார்.

"அண்ணே, இது கிரானைட் இல்லையே."

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்றே முடிவு கட்டி, கடைக்காரரைக் கூப்பிடக் கைபேசியைத் தேட ஆரம்பித்தார். கல்லக்கா எழுந்து நின்று, பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் சரியில்லை என்று தவறாகச் சொல்லிவிட்டவர் போலச் சமாதானம் பண்ணினார். "கேப்ரோண்ணே. கடைக்காரங்க எல்லாத்தையும் கிரானைட்னுதான் சொல்லுவாங்க. இதுவும் நல்ல குடும்பம்தான். உங்களுக்கு ஒரு குறையும் வைக்காது."

இவ்வளவு பேசுகிறவர், வேலை என்று வந்துவிட்டால் வாயை அளந்துதான் திறப்பார். எதையும் அடித்துச் சொல்லமாட்டார். பெட்டியைப் பார்த்து, "விரிசல் குறைவா இருக்க வாய்ப்பிருக்கு" என்பார். "இன்னும் கொஞ்ச தூரம் இதே கல்லு தொடரலாம்" என்பார். பெரிய இன்ஜினியருக்கு இது ஒரு தீராத குறை. "மேடம், ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க. இந்த 'வாய்ப்பிருக்கு'வை வச்சு நான் எப்படி வெடி வைக்கிறது?" என்று கூட்டத்தில் தலையில் கை வைத்துக்கொள்வார். வீட்டிலும் இதே கதைதான். அடுப்பில் இருப்பது வெந்துவிட்டதா என்று மாமியார் குரல் கொடுத்தால், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெந்திருக்க வாய்ப்பிருக்கு அத்தை" என்று பதில் வரும்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த வாய்ப்பிருக்குக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கல்லக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மலையில், யாரோ ஒருவர் உறுதியாகச் சொன்ன இடத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் வந்துவிடவில்லை. வாசலில் நின்று ஆள் எண்ணியவர்களில் கல்லக்காவும் ஒருவர். அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. அந்த மலையிலிருந்து எடுத்து வந்த ஒரு கறுத்த துண்டு மட்டும் கொட்டகை ஜன்னலில் இருக்கிறது. அதை அவர் நக்கி யாரும் பார்த்ததில்லை.

இந்த மலையில் ஒரு நாள் நடந்ததைச் சொன்னால்தான் கல்லக்கா யார் என்பது முழுதாகத் தெரியும்.

அதுவரை மலை பூராவும் கிரானைட்டாகவே இருந்தது. நல்ல கெட்டிக் கல், வெளுத்த, பெரிய மணிக் கல். அன்று காலை வந்த பெட்டியின் கடைசி வரிசையில் முதல்முறையாகக் கறுப்பு வந்தது. எப்போதோ கிரானைட் ஆறிக் குளிர்ந்து கெட்டியான பிறகு, அதில் விழுந்த விரிசலுக்குள் கறுத்த குழம்பு புகுந்து அங்கேயே ஆறி, சுவர் போல நின்றுவிட்ட டோலரைட். உள்ளே வேலை செய்கிறவர்கள் அதைக் கருப்புச் சுவர் என்பார்கள். சுவர் வந்துவிட்டது என்றால் அவர்களுக்குப் பயம். ஏனென்றால் மலைக்குள் ஊறி வரும் தண்ணீர் அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் பின்னாலேயே தேங்கி நிற்கும். இந்தப் பக்கம் பொட்டுத் தண்ணீர் இருக்காது. அந்தப் பக்கம் ஓர் ஏரியே நிற்கலாம்.

பெட்டியைப் புத்தகம் படிப்பது போலப் படிக்க வேண்டும். இடமிருந்து வலம், வரிசைக்கு வரிசை கீழே. மேல் வரிசைகள் எல்லாம் கிரானைட். கடைசி வரிசையில் முதலில் பெரிய மணிக் கறுப்பு, பிறகு கொஞ்சம் சின்ன மணி, பிறகு பொடி மணி, பிறகு கறுப்பும் வெளுப்பும் ஒட்டிய இடம், அதற்கப்புறம் மறுபடி கிரானைட். ஒட்டிய இடத்தில் நகம் போகக்கூட இடைவெளி இல்லை. அப்படியென்றால் சுவர் மெல்லியது, துளை அதைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது, மறுபக்கத்து ஒட்டு கெட்டியாக இருக்கிறது, தண்ணீரும் இல்லை.

ஒன்று மட்டும் இடித்தது. கொதிக்கிற குழம்பு குளிர்ந்த கிரானைட்டைத் தொட்டால், தொட்ட இடம் சட்டென்று ஆறிப் பொடி மணியாகிவிடும். நடுவில் இருப்பதுதான் மெதுவாக ஆறிப் பெரிய மணியாக வளரும். சுவருக்கு இரண்டு பக்கமும் கிரானைட் என்றால் இரண்டு பக்கமும் பொடியாக இருக்க வேண்டும். இங்கே தொடக்கத்தில் பொடி மணியே இல்லை. கிரானைட் முடிந்ததும் நேராகப் பெரிய மணி. துளைக்கும்போது ஓரத்துத் துண்டு நொறுங்கிப் போய்விடுவது சகஜம்தான். அப்படித்தான் போயிருக்கும் என்று கல்லக்கா நினைத்துக்கொண்டார். வழக்கம் போல, "மெல்லிய சுவர். தாண்டியிருக்க வாய்ப்பிருக்கு. மறுபக்க ஒட்டு நல்லா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரிய இன்ஜினியர் அந்த வாய்ப்பிருக்கை ஆமாம் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, மதிய ஷிஃப்டில் வெடி வைக்கலாம் என்றார். மதிய ஷிஃப்டின் ஃபோர்மேன், கல்லக்காவின் கணவர்.

மத்தியானம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு என்பது வேலையிடத்துக் குடியிருப்பில் இரண்டு அறை. ஃபோர்மேன் பேச்சுவாக்கில் சொன்னார்.

"காலையில உன் பெட்டி ஒரு குட்டிக்கரணம் போட்டுச்சு தெரியுமா?"

"எந்தப் பெட்டி?"

"அதான், கறுப்பு வந்துச்சே. வாசல் பள்ளத்துல ஜீப்பு ஏறி இறங்கினதுல கடைசி வரிசை மட்டும் உருண்டு வெளிய விழுந்துடுச்சு. துளைக்காரர் பின்னாடியே வந்துட்டு இருந்தாரு. நல்லவேளை, ஒண்ணு விடாம பொறுக்கி அடுக்கிட்டாரு."

கல்லக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணு விடாமலா?"

"ஒரு துண்டு கூடக் குறையலன்னு சொன்னாரு. எண்ணிக்கிட்டே அடுக்கினாராம், பாவம்."

"எந்தப் பக்கம் நின்னு அடுக்கினாரு?"

"இது என்ன கேள்வி? ஜீப்புக்குப் பின்னாடி நின்னுதான். உள்ள ஏறியா அடுக்குவாரு?"

சாப்பிட்ட கையோடு கல்லக்கா எழுந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. "கையைக் கழுவிட்டாவது போயேன்!" என்ற குரல் வாசல் வரை துரத்தியது. ஃபோர்மேனுக்கு ஷிஃப்ட் நேரம் ஆகியிருந்தது. மனைவியின் தட்டை மூடி வைத்துவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு அவர் சுரங்கத்துக்குக் கிளம்பினார்.

கொட்டகையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் கல்லக்கா மண்டியிட்டார். துண்டு ஒன்றுகூடத் தொலையவில்லை என்றால், ஓரத்துப் பொடி மணி நொறுங்கிப் போனது என்று காலையில் சொல்லிக்கொண்ட சமாதானம் பொய். ஜீப்பில் பெட்டியின் முன்பக்கம் ஓட்டுநரைப் பார்த்தபடி இருக்கும். பின்னால் நின்று அடுக்கியவருக்குத் தன் இடது கைப் பக்கம்தான் தொடக்கம். அவர் இடது, பெட்டிக்கு வலது. துண்டுகளை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார், பாவம். வரிசை மட்டும் தலைகீழ். கடைசி என்று தோன்றிய கிரானைட் துண்டுதான் உண்மையில் முதல்.

அதை எடுத்தார். மேல் வரிசையின் கடைசி கிரானைட்டையும் எடுத்தார். இரண்டின் உடைந்த முனைகளையும் சேர்த்து வைத்தபோது, உடைந்த பீங்கான் கோப்பைக்கு அதன் காது பொருந்துவது போல 'டக்'கென்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

வரிசையைத் திருப்பிப் படித்தால் கதையே வேறு. கிரானைட், கெட்டியான ஒட்டு, பொடி மணி, சின்ன மணி, பெரிய மணி. அங்கே துளை முடிந்துவிட்டது. காலையில் அவர் பாராட்டிய நல்ல ஒட்டு இந்தப் பக்கத்து ஒட்டு. துளை சுவரைத் தாண்டவே இல்லை. அதன் நடுவயிற்றில் நின்றுவிட்டது. மறுபக்கம் எங்கே இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. போதாததற்கு, இப்படி விரிசலில் ஆறிய கல் சுருங்கும்போது, சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே வெடிப்பு விட்டிருக்கும். இந்தப் பக்கம் வெடி வைத்தால் அந்த வெடிப்புகள் வாய் திறக்கும்.

பெரிய இன்ஜினியரின் அறைக்குள், ஒரு கையில் இரண்டு கிரானைட் துண்டுகளும் இன்னொரு கையில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகளுமாக ஒரு பெண்மணி மூச்சு வாங்க வந்து நின்றால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். கல்லக்கா துண்டுகளை மேசையில் வைத்துப் பொருத்திக் காட்டினார். வரிசை திரும்பிய கதையைச் சொன்னார். இன்ஜினியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதுவும் வெடிமருந்து உள்ளே போய்விட்ட நேரம்.

"காலையில நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் சார். அது தப்பு."

"துளைக்காரர் திருப்பி வச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவரைச் சொல்லாதீங்க. அவர் ஒரு துண்டு கூடத் தொலைக்கல. ஓரத்துல பொடி மணி இல்லைன்னு எனக்குக் காலையிலேயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன்."

இன்ஜினியர் துண்டுகளைப் பார்த்தார். மனிதர் இன்னும் ஊசலாடிக்கொண்டிருந்தார்.

"சுவர் தாண்டலைன்னு சொல்றீங்க. வாய்ப்பிருக்கா, இல்ல...?"

"தாண்டல சார். உறுதி."

அந்த அறையில் அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. இன்ஜினியர் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, சுரங்கத்துக்குப் போகும் தொலைபேசியை எடுத்தார். உள்ளே இரைச்சலில் காது கேட்காது என்பதால் அதன் ஒலியைப் பெரிதாகத்தான் வைத்திருப்பார்கள். மறுமுனையில் ஃபோர்மேனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நிறுத்தணுமா? பாதி மருந்து ஏத்தியாச்சு சார். யாரு சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான்."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அவர் யாரிடமோ கத்துவது கேட்டது.

"என்ன சொன்னாங்க சார்? வாய்ப்பிருக்குன்னா?"

"இல்லைங்க. உறுதின்னாங்க."

"இறக்கிடறேன் சார்" என்றார் ஃபோர்மேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது காத்திருப்பு. மருந்தை இறக்கி வெளியே அனுப்பிய பிறகு, குடைந்து நிற்கும் கடைசிப் பாறை முகப்பில் ஒரு தடித்த குழாயைப் பதித்து, வாயில் திருகு அடைப்பான் மாட்டி, அதன் வழியாகப் புதுத் துளை போட ஆரம்பித்தார்கள். கல்லக்கா தலைக்கவசம் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். துளையிலிருந்து வழியும் சேற்றைத்தான் அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கிரானைட் என்றால் சேறு வெளுப்பாக வரும். கொஞ்ச தூரம் வெளுப்பாக வந்தது. பிறகு கறுத்தது. கறுப்பாகவே வந்துகொண்டிருந்தது.

காலைப் பெட்டியின் துளை நின்ற இடத்தைத் துளைக் கம்பி தாண்டியது. அப்போதும் கறுப்புதான். தாண்டவில்லை என்று அவர் சொன்னது அதோடு சரியாகிவிட்டது. ஆனால் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? கம்பி மேல் கம்பி சேர்த்தார்கள். பொட்டுத் தண்ணீரைக் காணோம். வேலையாட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "அக்கா இன்னைக்கு நம்ம சாயங்கால டீயைக் கெடுத்துட்டாங்க" என்றார் ஒருவர், காதில் விழுகிற மாதிரியே. துளைக்காரர் மட்டும் பேயறைந்த முகத்தோடு ஓரமாக நின்றார். கல்லக்கா அவரிடம் போய், "நீங்க அவ்வளவு ஒழுங்கா பொறுக்கி வச்சதாலதான் என்னால கண்டுபிடிக்க முடிஞ்சுது அண்ணே. ரெண்டு துண்டு குறைஞ்சிருந்தா நான் இப்ப வீட்டுல தூங்கிட்டு இருப்பேன்" என்றார். பேசும்போதும் அவர் கண் சேற்றை விட்டு நகராததைத் துளைக்காரர் கவனிக்கவில்லை. ஃபோர்மேன் கவனித்தார். நிறுத்தச் சொல்லி யாரும் வாயெடுக்கும் முன், "இன்னொரு கம்பி போடுங்கப்பா" என்றார்.

அந்தக் கம்பி பாதி போனபோது சேறு மறுபடி வெளுத்தது. அடுத்த நொடி கம்பியே பின்னுக்குத் தள்ளப்பட்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் ஒரு கட்டை போலப் பாய்ந்து எதிரே நின்ற வண்டியின் கண்ணாடியை நொறுக்கியது. ஒரு துளையிலிருந்து வந்ததே அவ்வளவு. ஃபோர்மேனும் துளைக்காரரும் தோளோடு தோள் நெருக்கிக் கம்பியை இழுத்து, அடைப்பானைத் திருகித் திருகி மூடினார்கள். அழுத்தம் காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போனது. டீயைப் பற்றிப் பேசியவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கல்லக்கா யாரையும் பார்க்கவில்லை. வாசலை நோக்கித் திரும்பி நடந்து, கொட்டகைக்குப் போய், காலையில் எழுதிய தாளில் தன் கையெழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டார். பெட்டியின் கடைசி வரிசையைத் துண்டு துண்டாகத் திருப்பி அடுக்கினார். பிறகுதான் உட்கார்ந்து அழுதார். எதற்கு அழுதார் என்று அவரைக் கேட்டால், "தூசி பட்டிருக்க வாய்ப்பிருக்கு" என்று சிரிக்கிறார். பெட்டிகளுக்குப் பக்கவாட்டில் இப்போது பெரிய சிவப்பு அம்புக்குறி வரைந்திருக்கிறது. அதை வரைந்தவர் துளைக்காரர்.

சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீரைச் சின்னச் சின்னத் துளைகளால் வடித்து, வெடிப்புகளுக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி, இன்ச் இன்ச்சாக அந்தக் கறுப்பைக் கடக்க வெகுநாள் ஆயிற்று. கடந்து முடித்த அன்று ஃபோர்மேன் காலணியில் சேறோடு நேராக அடுக்களைக்குள் வந்துவிட்டார். மாமியார் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். கை நிறையும் அளவு கல். பாதி கறுப்பு, பாதி வெளுப்பு, மேலெல்லாம் சேறு. சுவரின் மறுபக்கத்து ஒட்டு.

கல்லக்கா கழுத்தில் லென்சைத் தேடினார். அதற்குள் ஃபோர்மேன், கறுப்பும் வெளுப்பும் சேரும் இடத்தைக் கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, நாக்கு நுனியால் தொட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொடிசுதான்" என்றார். "இந்தப் பக்கமும் பொடிசு."

கல்லக்கா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தார்.